கடைசிக்கு முந்தைய கணவர்

பலெர்மோ,
14 மே 2023

அன்புள்ள பிரசாந்தினிக்கு,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீரும் கேசிகாவும் எப்படி? அங்கே வெயில் கொளுத்துகிறதாமே, பிள்ளையைத் தொப்பி போட்டுப் பள்ளிக்கு அனுப்பும்.

ஜெர்மனி பென்சன் கந்தோரின் கடிதமும் அதற்கு நான் எழுதிய ஆங்கிலமும் இதோடு வருகின்றன. வங்கியில் இரண்டையும் சேர்த்தே கொடும். ஜெர்மன் மட்டும் என்றால் அவர்களுக்கு விளங்காது. ஆங்கிலம் மட்டும் என்றால் நாங்களே வீட்டில் இருந்து எழுதியது என்பார்கள். 'காப்புறுதி செய்யப்பட்டவர்' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அது என் தம்பி கிருபன். 'விதவை' நீர். 'பாதி அனாதை' கேசிகா. என்னுடன் கோபிக்க வேண்டாம். தாயோ தகப்பனோ இல்லாத பிள்ளைக்கு ஜெர்மன்காரர் வைத்த பெயர் அது.

ஒன்பது வருடம் ஜெர்மனியில் அகதியாக இருந்தேன். இருக்க விடாமல் அனுப்பினார்கள், மொழி மட்டும் என்னோடு இத்தாலிக்கு வந்துவிட்டது. இப்போது நான் பராமரிக்கும் வயதான அம்மா சிஞ்ஞோரா எமிலியானா மத்தியானம் கண்ணயரும்போது அவருடைய சமையலறை மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். கிருபன் தன் தொடர்பு முகவரியாக என் வீட்டைக் கொடுத்து வைத்ததால் எல்லாம் இங்கேதான் வருகிறது. அவன் பெயர் போட்ட கடிதம் வந்தால் உடனே உடைக்கமாட்டேன். அவனுடைய படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் உடைப்பேன். என் வீட்டுக்காரர், இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

உயிரோடிருப்பதற்கான சான்றுப் படிவமும் உள்ளே இருக்கிறது. நிரப்பி, கையெழுத்து வாங்கி அனுப்பும்.

அன்பு மச்சாள்,
சிவமலர்

*

சாவகச்சேரி,
11 ஜூன் 2023

அன்புள்ள மச்சாள் அறிவது,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் போகும்போது கொடுத்து விடுகிறேன். அத்தானுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

கேசிகா 'பாதி அனாதை'யைப் பார்த்துவிட்டாள். "அம்மா, எந்தப் பாதி? மேலையோ கீழையோ?" என்று கேட்டுக் கொண்டு திரிகிறாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கிராம அலுவலர் அதற்கு மேல். "பிள்ளை, நீர் உயிரோடை இருக்கிறீர் எண்டு நான் கையெழுத்து வைக்கவேணும். ஒருக்காக் கதையும் பாப்பம்" என்றார். கதைத்தேன். வைத்தார்.

பஸ் நிலையத்தடியில் உமாசுதன் என்று ஒருவர் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் தாள்கள் எல்லாம் அங்கேதான் கொப்பி எடுக்கிறேன். நல்ல மனிதர். மற்றவர்களின் கடிதத்தைக் கொப்பி எடுக்கும்போது வாசிக்கமாட்டார், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார்.

ஒரு சின்ன விஷயம். கடிதத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தில், என் அரைகுறை ஜெர்மனுக்கு, நான்காம் பக்கத்தில் மறுமணம் பற்றி ஏதோ இருக்கிறது போல. அதன் ஆங்கிலம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தி கேட்கிறாள், அவளுக்கும் ஜெர்மனிப் பென்சன். நேரம் கிடைத்தால் எழுதுங்கள். போனில் கேட்டிருப்பேன், போன் எந்நேரமும் கேசிகாவின் கையில்.

இப்படிக்கு,
பிரசாந்தினி

*

பலெர்மோ,
23 ஜூலை 2023

அன்புள்ள பிரசாந்தினிக்கு,

சுகம்தானே? சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல், அதனால் பதில் பிந்திவிட்டது. சாந்தா றொசாலியா திருவிழாவுக்கு எங்கள் சனமெல்லாம் மலை ஏறியது. நானும் முழங்காலை இழுத்துக்கொண்டு ஏறினேன். பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி, றொசாலியாவுக்கு ஒரு நேர்த்தி. இந்த ஊரில் இரண்டு பேரும் சண்டை பிடிப்பதில்லை.

நான்காம் பக்கம்: மறுமணம் செய்தால் விதவை ஓய்வூதியம் நின்றுவிடும். ஆங்கிலத்தில் அந்த ஒரு வரியை எழுதி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

யார் அந்தத் தெரிந்த பெண்? எந்த ஊர்? புருஷன் ஜெர்மனியில் எங்கே இருந்தவர்? எனக்குத் தெரிந்த குடும்பமாக இருக்கலாம்.

கேசிகாவுக்கு முத்தங்கள்.

சிவமலர்

*

சாவகச்சேரி,
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள மச்சாள்,

நீங்களும் அத்தானும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நாளை கொடியேற்றம், தொலைக்காட்சியில் பார்ப்போம்.

தெரிந்த பெண் என்று ஒருத்தி இல்லை. அது நான்தான்.

உமாசுதன் என்னிடம் கேட்டார். ஒரே ஒரு தடவை. "நான் கேட்டது பிழையெண்டால் சொல்லுங்கோ. கொப்பி எடுக்க வழமைபோலை வாங்கோ, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். நாற்பத்தைந்து வயது. தாய் படுக்கையில் கிடந்ததால் கலியாணம் கட்டவில்லை, தாயும் போய்விட்டார். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று ஒருவரும் இல்லை. "தாலி கட்டேக்கை உங்கடை பின்னுக்கு நிண்டு கூந்தலை ஒதுக்கிப் பிடிக்க எனக்கு ஒரு சகோதரிகூட இல்லை" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டார்.

எனக்கு ஆசை இருக்கிறது மச்சாள். இதை உங்களுக்கு எழுதக் கை கூசுகிறது. ஜெர்மன் பரீட்சையில் இரண்டு முறை தவறியவள் நான். தேறியிருந்தால் விசா கிடைத்திருக்கும். உங்கள் தம்பி அங்கே தனியாகச் செத்திருக்கமாட்டார். அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் படுத்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு இன்னொரு வாழ்வு எதற்கு என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்.

என் பென்சன் நின்றால் நிற்கட்டும். நான் தைப்பதில் சாப்பிடலாம். கேசிகாவுடையதும் நிற்குமா? அது அவளுடைய படிப்பு. நான்காம் பக்கத்தில் நீங்கள் எழுதிய ஒரு வரிக்குக் கீழே ஜெர்மனில் இன்னும் பல வரிகள் இருக்கின்றனவே, அவை என்ன?

நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன்.

பிரசாந்தினி

*

பலெர்மோ,
29 அக்டோபர் 2023

அன்புள்ள பிரசாந்தினிக்கு,

கடவுள் துணையால் சுகம். பதில் எழுதப் பல நாள் குந்தினேன். ஒவ்வொரு தடவையும் சிஞ்ஞோரா மணி அடித்துவிடுவார்.

ஜெர்மன்காரர் ஒரு விஷயத்தைச் சொல்ல வளைத்து வளைத்து எழுதுவார்கள். சட்டத்தின் இலக்கம், பிரிவு, துணைப்பிரிவு. அந்த வரிகள் எல்லாம் அப்படித்தான். பிள்ளையின் பணம் பற்றிக் கேட்டிருந்தீர். இந்தக் கந்தோர் விஷயங்களில் ஒன்றில் கை வைத்தால் மற்றதும் ஆடும், கவனமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கிருபனைப் பற்றி உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு இத்தாலிக்கு வரக் காசு கட்டியவன் அவன். தான் பாணும் சீனியும் தின்று கட்டினான். தொழிற்சாலையில் உடை மாற்றும் அறையில்தான் விழுந்தான். நான் போனபோது அவனுடைய சப்பாத்தில் ஒன்றைத்தான் ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். மற்றது எங்கே என்று கேட்டேன். தெரியாதாம். உங்கள் கலியாணத்துக்கு வந்து தோழியாக உமக்குப் பின்னால் நிற்க வேண்டியவள் நான். அப்போது என் கையில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லை, வெளியே போனால் திரும்பி வரமுடியாது. எனக்குப் பதிலாகச் சித்தப்பா மகள் றஜிதா நின்றாள். அந்தப் படத்தை இப்போதும் வைத்திருக்கிறேன்.

நீர் சின்னப் பிள்ளை இல்லை. யோசித்து நடவும்.

ஒரு பொதி அனுப்புகிறேன். உமக்கு வியா மக்வேதாவில் வாங்கிய கம்பளிச் சட்டை, கேசிகாவுக்குச் சப்பாத்து.

சிவமலர்

*

சாவகச்சேரி,
26 நவம்பர் 2023

அன்புள்ள மச்சாள்,

சுகம். உங்கள் சுகத்தையும் எழுதுங்கள். பொதி வந்தது. சப்பாத்து அளவு. கம்பளிச் சட்டையை இங்கே எப்போது போடுவது என்று தெரியவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறேன்.

உமாசுதனிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "பிள்ளையின்ரை விஷயமோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். கொப்பிகளை எண்ணி உறையில் போட்டுத் தந்தார்.

மழை தொடங்கிவிட்டது.

பிரசாந்தினி

*

பலெர்மோ,
14 ஜனவரி 2024

அன்புள்ள பிரசாந்தினிக்கும் கேசிகாவுக்கும்,

நாளை பொங்கல். வாழ்த்துகள். நீங்கள் இருவரும் சுகமாகவும் சந்தோஷமாகவும் இருக்க வேண்டும்.

பல்லரோ சந்தைக்குப் போய், வங்காளிக் கடையில் சர்க்கரையும் பயறும் வாங்கி வந்தேன். மீன்காரன் கத்துகிற கத்தில் என்ன வாங்க வந்தேன் என்பதையே மறந்து நின்றேன். இப்போது இப்படித்தான். சிஞ்ஞோராவின் மாத்திரையை இரண்டு தரம் கொடுக்கப் பார்த்தேன். அவர்தான் கையைத் தட்டிவிட்டார்.

நீர் ஏன் இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறீர்? தையல் எப்படிப் போகிறது? கேசிகாவுக்குக் கணக்குப் பாடத்துக்கு ஆள் பிடித்தீரா? கொப்பி எடுப்பது எங்கே, அதே கடையிலா? அந்த மனிதர் சுகமாக இருக்கிறாரா? சும்மா கேட்கிறேன்.

இன்னொரு பொதி போடுகிறேன். வேண்டாம் என்று எழுதாதீர்.

சிவமலர்

*

சாவகச்சேரி,
19 மே 2024

அன்புள்ள மச்சாள்,

எல்லோரும் சுகம். பொங்கல் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள்.

சித்திரையில் நீங்கள் அனுப்பிய இந்த வருடத்துச் சான்றுப் படிவம் நிரப்பி இதோடு வருகிறது. உயிரோடு இருக்கிறேன் என்று கிராம அலுவலர் கையெழுத்து வைத்தார். இந்த முறை கதைக்கச் சொல்லவில்லை. 'மறுமணம் செய்தீரா' என்ற இடத்தில் 'இல்லை' என்ற கட்டத்துக்குப் புள்ளடி போட்டிருக்கிறேன்.

கொப்பி இப்போது கொடிகாமத்தில் எடுக்கிறேன். பஸ்ஸில் போய் வரலாம்.

பிரசாந்தினி

*

பலெர்மோ,
16 ஜூன் 2024

என் அன்புள்ள பிரசாந்தினிக்கு,

சுகம் என்று எழுத முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

படிவம் வந்தது. வழமைபோல் கிருபனுடைய படத்துக்கு முன்னால் வைத்தேன். அடுத்த நாள் உடைத்தேன். அந்தப் புள்ளடியைப் பார்த்தேன். நீர் போட்ட புள்ளடி, ஆனால் கை என்னுடையது. ஜெர்மனிக்கு இன்னும் அனுப்பவில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகத்தில் சமைத்துவிட்டு வந்து, காலை நீட்டிக்கொண்டு இருந்தவர் எழும்பி இருந்தார். "மலர், நீர் மொழிபெயர்த்தனீரோ, தீர்ப்பு எழுதினனீரோ?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னுடன் கதைக்கவில்லை.

நான்காம் பக்கத்தில் நான் விட்ட வரிகளை இப்போது எழுதுகிறேன். ஆங்கிலமும் தனித்தாளில் இருக்கிறது.

மறுமணம் செய்தால் விதவையின் ஓய்வூதியம் நிற்கும். விண்ணப்பித்தால் இரண்டு வருட ஓய்வூதியத்தை ஒரே தொகையாகத் தருவார்கள். பிள்ளையின் பாதி அனாதை ஓய்வூதியத்துக்குத் தாயின் மறுமணத்தால் ஒரு பாதிப்பும் இல்லை, அது தொடரும். அந்த இரண்டாவது திருமணமும் முடிந்துபோனால், முதல் கணவரின் பேரில் இருந்த ஓய்வூதியத்தைத் திரும்பக் கேட்கலாம். இதற்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கடைசிக்கு முந்தைய கணவரின் பேரிலான விதவை ஓய்வூதியம்.'

அந்த இடத்தில்தான் என் பேனா நின்றது. கடைசிக்கு முந்தைய கணவர். அது என் தம்பி. ஒரு சப்பாத்தோடு போனவன். அவனை என் கையால் அப்படி எழுத முடியவில்லை. எழுதாமல் விட்டேன். பிறகு நீர் பிள்ளையின் பணத்தைப் பற்றிக் கேட்டபோது, ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அப்போதும் விட்டேன். அதற்கு ஒரு சாட்டும் இல்லை. பிள்ளையை வைத்து உம்மைப் பயப்படுத்தினேன். அவன் பெயர் போட்ட கடிதம் இந்த உலகத்தில் எனக்கு வருவது அந்த ஒரு கந்தோரில் இருந்துதான். நீர் கலியாணம் செய்தால் முகவரியையும் மாற்றிவிடுவீர், அதுவும் நின்றுவிடும் என்று பயந்தேன். என் தபால் பெட்டிக்காக உம்முடைய வாழ்க்கையை நிறுத்தினேன்.

வெட்கமாக இருக்கிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை. கேசிகாவுக்கு இதைச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லும்.

சிவமலர்

*

சாவகச்சேரி,
14 ஜூலை 2024

அன்புள்ள மச்சாள்,

இங்கே சுகம். நீங்கள் அழுது உடம்பைக் கெடுக்காதீர்கள். அத்தானைக் கதைக்கச் சொல்லி நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரியும்.

போன ஆவணியில் உங்களுக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேனே, அப்போது வங்கிக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் ஆரணி அந்த நான்காம் பக்கத்துக்கு மேல் தன் போனைப் பிடித்தாள். ஜெர்மன் எல்லாம் தமிழாக வந்தது. கொச்சைத் தமிழ்தான், ஆனால் விளங்கியது. பிள்ளையின் பணம் தொடரும் என்று அன்றே தெரியும். கடைசிக்கு முந்தைய கணவர் என்பதையும் வாசித்தேன். ஆரணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அதனால் உங்கள் ஐப்பசிக் கடிதத்தைப் பிரிக்கும்போது ஜெர்மனி என்ன சொல்கிறது என்று தேடவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தேடினேன். அந்த வரிகளை நீங்கள் வேண்டுமென்றே விட்டிருந்தீர்கள். சரி, மச்சாளுக்கு விருப்பமில்லை, வாயால் சொல்லக் கூச்சப்பட்டு இப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பணத்துக்காக நான் உமாசுதனிடம் இல்லை என்று சொல்லவில்லை. உங்களுக்காகச் சொன்னேன். அவரிடம் பிள்ளையைச் சாட்டினேன். ஆகவே நானும் பொய் சொன்னவள்தான்.

கோபம் இருந்தது. நிறைய இருந்தது. கம்பளிச் சட்டையைக் கிணற்றடியில் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துத் தோய்த்தேன். கொடிகாமத்துக்குப் போகிற பஸ் அவருடைய கடையைத் தாண்டித்தான் போகும். நான் மற்றப் பக்கத்து ஆசனத்தில் இருப்பேன்.

இப்போது எல்லா வரிகளையும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றும் விடவில்லை. நன்றி. ஆனால் உங்கள் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன் மச்சாள். ஜெர்மன் சட்டம் இருக்கிறது, உங்கள் அழுகை இருக்கிறது. நான் போன வருடம் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் இன்னும் இல்லை.

பிரசாந்தினி

*

பலெர்மோ,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பிரசாந்தினிக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்றே எழுதுகிறேன். சிஞ்ஞோரா மணி அடித்தார், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கலியாணத்தைச் செய்யும். இது என் பதில். போன வருடமே எழுதியிருக்க வேண்டியது.

அழாமல் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கிருபன் என் தம்பி; அது எந்தக் கந்தோர் எந்தப் பெயர் வைத்தாலும் மாறாது. உம்முடைய பரீட்சையால் அவன் சாகவில்லை. இதயத்தால் செத்தான். இதை அவன் போனபோதே, மூன்று வருடத்துக்கு முன்பே, உமக்கு நான் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இனிக் கொடிகாமத்துக்குப் போக வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் உமாசுதனின் கடையில் கொப்பி எடும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால், இதை மட்டும் வாசித்துவிட்டு எடுக்கச் சொல்லும். கோபித்துக்கொண்டு வாசிக்காமல் விட்டால் நீரே வாசித்துக் காட்டும். அவர் மறுத்தால் அந்தப் பழி என்னுடையது, எழுதும். நான் போனில் அவரிடம் கேட்கிறேன்.

தை மாதத்துக்கு முன்பு நாள் வைக்க வேண்டாம். என் பெர்மெஸ்ஸோ மார்கழியில் புதுப்பித்து வரும். பிறகு போகலாம், வரலாம். இந்த முறை றஜிதாவைக் கூப்பிடாதீர். அவருக்குச் சகோதரி இல்லை என்று எழுதியிருந்தீர். கூந்தலை ஒதுக்கிப் பிடிக்க நான் வாறன்.

சேலை என்ன நிறம் என்று மட்டும் எழுதும். எனக்கும் பொருத்தமாக ஒன்று எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அக்கா,
சிவமலர்